அலாய் சக்கரத்தில் மெல்லக் காற்று இறங்குவதற்கு ஒரு சொல் வேண்டும்

மார்த்தாண்டம், மோட்டார் வாகனப் பயிற்றுநர்:

நண்பர்களே, வெள்ளிக்கிழமை மாணவர் கையேடு அச்சுக்குப் போகிறது. பழைய அலாய் (அலுமினியக் கலவை) சக்கரம் பற்றிய பாடத்தில் ஒரு சொல் இல்லாமல் நிற்கிறேன். ஆணி எதுவும் குத்தியிருக்காது, ஆனால் வாராவாரம் காற்று அடிக்க வேண்டியிருக்கும். டயரின் உள்விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பொருமியிருக்கலாம். வால்வின் ரப்பர் வெடித்திருக்கலாம். பள்ளத்தில் இறங்கி உள்பக்கம் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். சில சக்கரங்களில் வார்ப்பிலேயே நுண்துளை இருக்கும். இதையெல்லாம் ‘பஞ்சர்’ என்று எழுதினால் மாணவன் டயரில் ஓட்டை தேடுவான். நல்ல டயரிலும் மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) தானாகக் குறையும்; சொல் அதைக் குறிக்கவும் கூடாது.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, கால் என்றால் காற்று, கால் என்றால் சக்கரமும்கூட. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற 496ஆம் குறளில் தேரின் கால் சக்கரம்தானே? சோர்தல் என்றால் வடிதல். ‘கண்ணீர் சோர’ என்று இன்றும் எழுதுகிறோம். ‘கால்சோர்வு’ என்று வையுங்கள். சக்கரமும் காற்றும் ஒரே எழுத்துக்கூட்டில் வந்துவிடும். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கூரை ஒழுகுவதைச் ‘சோர்ச்ச’ என்கிறார்கள். 1956 வரை அவர்களும் நாமும் ஒரே ஆட்சியில் இருந்தவர்கள். நாம் தளர்ச்சிக்கு ஒதுக்கிவிட்ட சொல்லின் பழைய பொருளை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

களியக்காவிளை, டயர் கடைக்காரர்:

ஐயா, கால்சோர்வு என்றால் நடந்து ஓய்ந்துபோனதாகத்தான் எடுப்பார்கள். கடைக்கு வருகிறவர் சொல்வது ‘காத்து இறங்குது’, அவ்வளவுதான். அந்த இறங்குதலையே பிடித்துக்கொள்ளலாம்.

சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் முக்கினால் எங்கே குமிழி வருகிறதோ அதுதான் நோய். தொட்டி இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர் போதும். வால்வை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேராக நிற்கும்போது வெடிப்பு மூடிக்கொண்டு ஏமாற்றும். ரிம் ஓரத்தில் வரிசையாகக் குமிழி வந்தால் டயரை எடுத்து, வெள்ளைப் பொருமலைக் கம்பி பிரஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, சீலர் (காற்றடைக்கும் பசை) தடவிப் போடுவோம். சக்கரத்தைச் சமன் செய்ய வெயிட் அடித்த இடத்தையும் விடக்கூடாது, வேறு உலோகம் ஒட்டிய இடம் சீக்கிரம் அரிக்கும். டயர் தொடாத நடு உலோகத்திலிருந்து பொடிக் குமிழி வந்தால் ஓரத்தை எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. அதனால் இடத்தை வைத்தே பெயர் வையுங்கள்: வால்விறக்கம், விளிம்பிறக்கம், வார்ப்பிறக்கம்.

கொழிஞ்சாம்பாறை, மொழிபெயர்ப்பாளர்:

‘கசிவளி’ எப்படி? வினைத்தொகை. கசிந்த வளி, கசிகின்ற வளி, கசியும் வளி, மூன்று காலமும் அடங்கும். மெல்ல மெல்ல நடக்கும் குறைக்கு இதைவிடப் பொருத்தமான தொகை இல்லை.

அப்புறம், அந்த வெள்ளைப் பொருமலைத் துரு என்று எழுதிவிடாதீர்கள். துரு இரும்புக்கு உரியது. செம்பில் ஏறுவது களிம்பு. ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமையே செம்பில் களிம்புதான். வெளியிலிருந்து ஒட்டாமல் உலோகத்தோடு கூடவே இருப்பது என்ற கருத்து அதில் உண்டு. மலையாளத்தில் ‘கிளாவு’ என்பதும் இதற்கு உறவாக இருக்கலாம். அலுமினியத்துக்கும் களிம்பை நீட்டிக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம், பயிற்றுநர்:

கசிவளி என்பது வெளியே போகும் காற்றின் பெயர். எனக்கு வேண்டியது குறையின் பெயர். களிம்பு என்றால் இன்றைக்கு மருந்துக்கடையில் வாங்குவது. சீலரும் அதைப் போன்ற குழம்புதான். ‘களிம்பைச் சுரண்டியபின் களிம்பு தடவுக’ என்று கையேட்டில் எழுதமுடியுமா? கடலோரத்து வீட்டுச் சுவரைப் பார்த்த எங்கள் பிள்ளைகள் ‘உப்புப் பூத்திருக்கு’ என்று தாங்களாகவே சொல்கிறார்கள். ‘உப்புப்பூப்பு’ என்றே போட்டால் என்ன?

கொழிஞ்சாம்பாறை:

கடுமையாக மறுக்கிறேன். அது உப்பே இல்லை, அலுமினியம் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டானது. கடற்காற்றின் உப்பு அதை விரைவாக்கும், அவ்வளவே. தவறான வேதியியலைச் சொல்லுக்குள் அடைத்து வைத்தால் பிறகு எடுக்கவே முடியாது. பூப்பு என்ற சொல் வகுப்பறையில் படும் பாட்டையும் யோசியுங்கள். களிம்பு வேண்டாமென்றால் ‘அரிப்பு’ என்றே விட்டுவிடுங்கள்.

மார்த்தாண்டம்:

சரி, அரிப்பு இருக்கட்டும். முன்னால் ‘வெள்’ சேர்த்து ‘வெள்ளரிப்பு’ என்று போடுகிறேன்; கண்ணால் பார்த்து அடையாளம் காண அந்த நிறம் மாணவனுக்கு வேண்டும். பொதுப்பெயர் ‘மெல்லிறக்கம்’, உட்பிரிவுகள் கடைக்காரர் சொன்ன மூன்றும். விரிசலை மட்டும் தனியாக விரிசல் என்றே எழுதுகிறேன், அங்கே சீலர் தடவலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. பெரும்பாலோர் இதற்கு ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

நாகர்கோவில்:

நான் ஒத்துக்கொள்ளவில்லை தம்பி. இறக்கம் என்றால் ஆரியங்காவு மலைப்பாதையில் வண்டி இறங்குவது. மெல்லிறக்கம் என்றால் சாய்வு குறைந்த ரோடு. வாகனப் பாடத்திலேயே இரண்டும் வரும், அப்போது என்ன செய்வீர்கள்? கால்சோர்வை விட்டுவிடுகிறேன். ‘காற்றுச்சோர்ச்சி’ என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். எல்லைக்கு அந்தப்புறம் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது உடனே விளங்கும்.