ஆண்டோசால் மண்ணுக்குத் தமிழ்ச் சொல்

வணக்கம் நண்பர்களே,

எரிமலைச் சாம்பல் சிதைந்து உருவாகும் மண்வகைதான் ஆண்டோசால். பாடத்தில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'எரிமலைச் சாம்பல் மண்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பொட்டாசியத்தைச் சாம்பல்சத்து என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். 'சாம்பல் மண்' என்றால் அடுப்புச் சாம்பலைப் போட்டு வளமாக்கிய மண் என்றே மாணவர் நினைப்பார். எரிமலை கக்கும் சாம்பலோ எதுவும் எரிந்து மிஞ்சியது இல்லை. வாயு அழுத்தத்தில் சிதறிய பாறைக்குழம்பு அது, 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகள். உருப்பெருக்கியில் பார்த்தால் பாட்டில் சில்லு மாதிரி கூர்கூராகத் தெரியும்.

அது புதிதாக விழுந்த வயல் பாவம்தான். இலை மூடிப்போய் வெளிச்சம் படாது. மழை பெய்தால் பொருக்குத் தட்டி, நீர் கீழே இறங்காது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அநேகமாக இருக்காது. 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்த பிறகு, நுரைக்கல் மூடிய வெறுந்தரையில் முதலில் வேர்விட்டது லூபின். அவரைக் குடும்பத்துச் செடி, காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அங்கே அதற்குப் பிழைப்பு இருந்தது.

ஆண்டோசால் இதற்குப் பிந்திய கதை. அந்தக் கண்ணாடித் துணுக்குகள் காலப்போக்கில் சிதைந்து அலோஃபேன் என்ற கனிமமாகின்றன. சுமார் 5 நானோமீட்டர் அளவில், உள்ளே வெற்றிடம் உள்ள உருண்டைகள். நீரையும் மட்கையும் அப்படியே பிடித்து வைக்கும். மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) விடாமல் பிடித்துக்கொள்வதுதான் சிக்கல். உரம் போட்டாலும் பயிருக்குக் கிடைப்பது குறைவு. புதுச் சாம்பலுக்கும் இந்த மண்ணுக்கும் ஒரே பெயர் என்றால் பாடமே குழம்பிவிடும்.

> ஜப்பானிய மூலத்தில் கருத்த மண் என்றுதானே பொருள்? 'கருமண்' போதுமே.

பொருள் சரிதான். 'அன்' கருமை, 'தோ' மண். ஆனால் கருமண் என்றதும் நம் கண்முன் வருவது கரிசல். கரிசல் கனத்த களி; ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். ஆண்டோசால் ஒரு கன சென்டிமீட்டர் 0.9 கிராமோ அதற்கும் குறைவோதான். ஈரமண்ணை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் நீர் கசிந்து வழுக்கும்.

'நீற்றுமண்' என்ற சொல்லில் நானே மயங்கிக் கிடந்தேன். நீறு என்றால் சாம்பல், பொடி இரண்டும் ஆகும். ஆனால் சுண்ணாம்புக்கும் அதே சொல். பெரும்பாலும் புளிப்புத்தன்மை உள்ள மண்ணைச் சுண்ணாம்பு மண் என்று படித்துவிட்டால் என்ன ஆவது? மனமில்லாமல்தான் விட்டேன்.

என் பரிந்துரை: கருநொய்மண். நொய் என்பதில் எடையின்மை, மென்மை இரண்டும் வந்துவிடுகின்றன. மகரத்தை இரட்டித்து 'நொய்ம்மண்' என எழுதலாம். வாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒற்றையாக விட்டேன்.

---

ஐயா, வெறும் 'நொய்மண்' போதாதா? சொல் சுருங்குமே.

---

போதாது அம்மா. வேளாண்மையில் இலேசான மண் என்றால் மணற்பாங்கான மண். 'கரு' இல்லையென்றால் அங்கே போய் மோதும்.

---

சரி, அப்படியானால் என் வாக்கு கருநொய்மண்ணுக்கே. பாடத்தில் முதல் தடவை வரும் இடத்தில் 'ஆண்டோசால்' என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அப்புறம், விழும் பொருளுக்கு 'எரிமலைச் சாம்பல்' அப்படியே இருக்கட்டும். செய்தித்தாளில் வேரூன்றிவிட்ட சொல்.