பிளேயர் கேபிள் எங்கே போக வேண்டும்: ரிசீவருக்கா, டிவிக்கா?

செங்காங் மலர்: நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 5.1 ஒலிபெருக்கிகளும் (ஐந்து ஒலிபெருக்கி, ஒரு சப்வூஃபர்) அவற்றை இயக்கும் ரிசீவரும் அமைத்திருக்கிறோம். புளூரே பிளேயர், மகனின் கேம் கருவி இரண்டும் டிவியில் இணைந்திருக்கின்றன. டிவியிலிருந்து படத்தையும் ஒலியையும் கடத்தும் ஒரே எச்டிஎம்ஐ கேபிள் ரிசீவருக்குப் போகிறது. எந்தத் தட்டைப் போட்டாலும் ரிசீவர் ‘ஸ்டீரியோ’ (இரண்டு தட ஒலி) என்றே காட்டுகிறது. கடைக்காரர் டிவியையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

ஈசூன் வாசி: டிவியைத் தொடாதீர்கள் அக்கா. பிளேயரை நேராக ரிசீவரில் சொருகுங்கள். படம் ரிசீவர் வழியாக டிவிக்குப் போகட்டும். டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதிதான் ஏஆர்சி. 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்த அது, பல தட ஒலியைத் தரம் குறைத்துச் சுருக்கிய வடிவில் மட்டுமே சுமக்கும். புளூரே தட்டிலுள்ள, தரம் குறையாத ஒலிவகைகளான டால்பி ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவும் அந்த வழியில் போகவே முடியாது. காசு கொடுத்து வாங்கிய தட்டின் முழு ஒலியையும் கேட்க வேண்டாமா?

தெம்பனீஸ் தமிழன்: இது பழைய கதை. 2017இல் எச்டிஎம்ஐ 2.1 பதிப்புடன் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இ-ஏஆர்சி வந்துவிட்டது. நொடிக்கு 37 மெகாபிட் வரை கடத்தும். ஈசூன் நண்பர் சொன்ன இரண்டு ஒலிவகைகளும் அதில் தாராளமாகப் போகும். கேம் கருவி 4கே படத்தை நொடிக்கு 120 சட்டங்களாக (ஃபிரேம்) அனுப்பினால் பழைய ரிசீவர் அதைக் கடத்தாது. ஒலிக்காகப் படத்தை இழப்பதா? அக்கா, முதலில் டிவியின் ஒலி அமைப்பைப் பாருங்கள். ‘பிசிஎம்’ (சுருக்காத ஒலி) என்று இருந்தால் ஏஆர்சியில் இரண்டு தடங்கள்தாம் வரும். ஒலியை டிவி மாற்றாமல் அப்படியே அனுப்பும் ‘பாஸ்த்ரூ’ என மாற்றுங்கள்.

ஈசூன் வாசி: டிவி, ரிசீவர் இரண்டிலும் இ-ஏஆர்சி இருந்தால்தானே அந்தப் பேச்சு? பெரும்பாலான டிவிகளில் ஒரே ஒரு துளைக்குத்தான் அந்த வசதி. அதிலும் டிடிஎஸ் ஒலியை ரிசீவருக்குக் கடத்த மறுக்கும் டிவிகள் எத்தனையோ. ஒலியோடு சம்பந்தமே இல்லாத பெட்டியை ஏன் நடுவில் நிறுத்த வேண்டும்?

செங்காங் மலர்: பிசிஎம் என்றுதான் இருந்தது! மாற்றியதும் டால்பி தட்டுகளில் பின்பக்க ஒலிபெருக்கிகள் பேசுகின்றன. டிடிஎஸ் தட்டுகள் மட்டும் இன்னும் ஸ்டீரியோதான்.

ஈசூன் வாசி: நான் சொன்னது இதைத்தான். பிளேயரை இன்றே ரிசீவருக்கு மாற்றுங்கள்.

தெம்பனீஸ் தமிழன்: பிளேயரை மட்டும் மாற்றுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. கேம் கருவி டிவியிலேயே இருக்கட்டும். டிவிக்குள் இருக்கும் செயலிகளின் (ஆப்) ஒலி எப்படியும் ஏஆர்சி வழியாகத்தான் ரிசீவருக்கு வந்தாக வேண்டும்; அவை தரும் அட்மாஸ் (மேலிருந்தும் கேட்கும் டால்பி ஒலி), டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில் வருவதால் சாதாரண ஏஆர்சியே போதும்.

ஈசூன் வாசி: கேம் கருவியையும் ரிசீவரில் இணைக்கலாம் என்பேன். அக்கா, ரிசீவரின் பின்பக்கத்தில் 8கே என்று குறித்த துளை இருக்கிறதா? இருந்தால் 120 சட்டங்கள் என்ற தடையும் பெரும்பாலும் இருக்காது. இன்னொன்று, இரவு பத்தரைக்கு மேல் ரிசீவரில் இரவு ஒலி அமைப்பைப் போடுங்கள். வசனம் தெளிவாகக் கேட்கும்; சப்வூஃபரின் அதிர்வு கீழ்வீட்டாரை எழுப்பாது.

செங்காங் மலர்: 8கே என்று எதுவும் இல்லை தம்பி. எல்லாத் துளைகளிலும் 4கே என்றுதான் போட்டிருக்கிறது.

தெம்பனீஸ் தமிழன்: அப்படியானால் மகனின் கருவியை அசைக்காதீர்கள்.