மொய் விருந்துக்குப் போட, பணத்தைப் பற்றிய பழைய பாட்டு சொல்லுங்கள்

கடைமடைக்காரன்:
ஆடியில் பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊரில் மொய் விருந்து, அதாவது சாப்பாடு போட்டு மொய் வாங்குவது, வாங்கியதைப் பின்னால் திருப்பிச் செய்ய வேண்டும். ஏழெட்டு வீடு சேர்ந்து ஒரே பந்தலில் வைக்கிறோம், அதில் மாமாவும் ஒருத்தர். மைக் செட் பொறுப்பு என் தலையில். காலையில் சாமி பாட்டு, சரி, அப்புறம் கறிச்சோறு பந்தி ஓடும்போது பணத்தைப் பற்றிய சினிமாப் பாட்டாகவே வரிசையாகப் போட்டால் கலகலப்பாக இருக்குமே என்று ஒரு யோசனை. கைவசம் இருப்பது சூது கவ்வும் படத்தில் கானா பாலா பாடிய 'காசு பணம் துட்டு', காதலா காதலாவில் கமல் பாடிய 'காசு மேலே காசு வந்து', இந்த இரண்டும்தான். பெருசுகளும் உட்கார்ந்து கேட்கிற மாதிரி பழசு வேண்டும். மொய் செய்ய வருகிறவர்களைக் குத்துகிற மாதிரி மட்டும் இருக்கக் கூடாது, மாமா என்னைத் தொலைத்துவிடுவார்.

மன்னை மைனர்:
போடக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தமான் காதலி, 'பணம் என்னடா பணம் பணம்'. குணம்தான் நிரந்தரம் என்று மேலே ஸ்பீக்கர் பாடும், கீழே நாலு பேர் நோட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள், வேறு வினையே வேண்டாம். 1952 பணம் படத்தில் கலைவாணர் பாடிய 'எங்கே தேடுவேன்' அதை விட மோசம். பணம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இரும்புப் பெட்டி, திருப்பதி உண்டியல் வரைக்கும் தேடுவார், பாட்டு பிரமாதம்தான், ஆனால் பழைய மொய்யைத் திருப்பிச் செய்ய வட்டிக்கு வாங்கி வந்தவன் காதில் விழுந்தால் இலையில் கை வைப்பானா?

ஓய்வு வாத்தியார்:
தம்பி, பேராவூரணியில் இருந்துகொண்டு பட்டுக்கோட்டையாரை விடலாமா? அவர் பிறந்த செங்கப்படுத்தான்காடு உங்களுக்கு எத்தனை தூரம்! இரும்புத்திரையில் 'கையில வாங்கினேன் பையில போடல' அவர் எழுதியதுதான். குரல் திருச்சி லோகநாதன், திரையில் தங்கவேலு. படம் வந்தது 1960இல், அதற்கு முந்தின அக்டோபரிலேயே 29 வயதில் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். நாடோடி மன்னனில் 'காடு வெளஞ்சென்ன மச்சான்' நேராகப் பணப் பாட்டு இல்லைதான், ஆனால் அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு மழைக்குப் பயந்து தார்ப்பாயோடு காத்துக் கிடந்தவனுக்கு அதை விட நல்ல பணப் பாட்டு கிடையாது. 'பணம் பந்தியிலே, குணம் குப்பையிலே' எழுதிய கா.மு.ஷெரீப்பும் நம் திருவாரூர்ப் பக்கம்தான். கவனித்துப் பாருங்கள், நம் பக்கத்துக் கவிஞர்கள் பணத்தைப் பற்றி எழுதினால் அது பணம் இல்லாததைப் பற்றிய பாட்டாகத்தான் இருக்கும். காசு மேலே காசு கொட்டுவதெல்லாம் ரொம்பப் பிந்தி வந்த சமாச்சாரம், எனக்கு அதில் ருசி இல்லை.

கூம்பு ஸ்பீக்கர்:
செட் போடுகிறவன் சொல்கிறேன், கேளுங்கள். பழைய பாட்டில் குரல்தான் முன்னால் நிற்கும், கூம்பில் போட்டால் அடுத்த தெரு வரைக்கும் வார்த்தை தெளிவாகப் போகும். கானா பாலாவுக்குப் பாஸ் பெட்டி இருந்தால்தான் எடுக்கும், அதைக் கடைசியில் இளவட்டங்கள் பந்திக்கு வையுங்கள். 1955 முதல் தேதி படத்துப் பாட்டு, 'ஒண்ணிலேயிருந்து இருபது வரைக்கும் கொண்டாட்டம்', மாதச் சம்பளக்காரர்கள் கட்டாயம் சிரிப்பார்கள். சக்கரம் படத்தில் நம்ம ஸ்ரீரங்கத்து வாலி எழுதிய 'காசேதான் கடவுளப்பா'வும் உண்டு, சாமி பாட்டு முடிந்த கையோடு மட்டும் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, மொய் எழுதுகிற மேசைப் பக்கம் கூம்பைத் திருப்பவே கூடாது. சத்தத்தில் இனிஷியலையோ ஊரையோ மாற்றி எழுதிவிட்டால் அன்றைக்குத் தெரியாது, திருப்பி வாங்கப் போகிற வருஷம்தான் சண்டை வரும்.

கடைமடைக்காரன்:
வாத்தியார் ஐயா சொன்ன இரண்டும் உறுதி, முதல் தேதியும் சரி. 'பணம் பந்தியிலே' வேண்டாமாம். பந்தியில் உட்கார்ந்திருப்பவனுக்கே அதைப் போடுவியா என்கிறார் மாமா. கூம்பு அண்ணே, பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் உங்கள் செட் சும்மா இருக்குமா?

கூம்பு ஸ்பீக்கர்:
பெருக்குக்குக் கட்டியதை அவிழ்க்கவே மறுநாள் ஆகிவிடும் தம்பி. ஒரு நாள் தள்ளி வைத்தால் வருகிறேன். வாடகையை மொய்யில் கழிக்கலாம் என்று மட்டும் மாமாவை நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.