உபுண்டு நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை, விண்டோஸ் 11 போகாமல் என்ன வழி?

கணக்குப்பிள்ளை:
வணக்கம். என் லேப்டாப் 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (எல்லாம் சேமிக்கும் டிஸ்க்). விண்டோஸ் 11 ஒழுங்காக ஓடுகிறது. கடைக் கணக்கு முழுக்க டேலியில் இருப்பதால் விண்டோஸைத் தூக்க முடியாது. தங்கைக்குக் கல்லூரியில் லேப் எல்லாம் லினக்ஸில்தான். சரி, கூடவே லினக்ஸ் வகையான உபுண்டு 24.04 போடலாம் என்று ரூஃபஸ் செயலியில் பென்டிரைவ் தயார் செய்தேன். பூட் ஆகிறது, வைஃபைகூட வருகிறது. எதில் நிறுவ என்று கேட்கிற இடத்தில் பென்டிரைவ் மட்டும்தான் இருக்கிறது, எஸ்எஸ்டியைக் காணோம். விண்டோஸுக்குத் திரும்பினால் சி டிரைவ் அப்படியே இருக்கிறது. என்ன கோளாறு?

பென்டிரைவ் தம்பி:
பயாஸில் (விண்டோஸுக்கு முன்னாடி திறக்கும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ்) சாட்டா மோட், அதாவது டிஸ்க்கை இணைக்கும் முறை, ரெய்டு என்று இருக்கும் ப்ரோ. அதை ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு ஆக்குங்க, தெரியும்.

சிவப்புத்தொப்பி:
தம்பி சொன்ன இடம் சரி, ஆனால் எடுத்த எடுப்பில் மாற்றிவிடாதீர்கள் சார். மாற்றிய கையோடு விண்டோஸைத் திறந்தால் 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரைதான் வரும்.

அந்த மோடில் எஸ்எஸ்டி, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. லினக்ஸுக்கு அது கண்ணில் படாது. விண்டோஸோ ஆர்எஸ்டி டிரைவரை நம்பியே பூட் ஆகிறது. மோடை மாற்றியபின் முதல் தடவை, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் ஏறினால், வேண்டிய டிரைவரை அதுவே பிடித்துக்கொள்ளும்.

அதற்கும் முன்னால், செட்டிங்ஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஹோம் எடிஷனிலும் நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். அப்படியே பயாஸில் கைவைத்தால் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டு உட்கார்ந்துவிடும். கீயை முதலில் காகிதத்தில் எழுதி வையுங்கள், பிறகு ஆஃப் செய்து, டிஸ்க் முழுக்க டிகிரிப்ட் ஆகும்வரை பொறுங்கள். டேலி டேட்டாவை வேறொரு டிரைவில் பேக்அப் எடுப்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

பிறகு விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து, பூட் டேபில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட். நேரே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ. விண்டோஸ் சேஃப் மோடில் திறந்ததும் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் சில சமயம் பின் நம்பர் வேலை செய்யாது, கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும்.

டிஸ்க்கை வேகமாக்கும் இன்டெலின் ஆப்டேன் மெமரி இருந்தால் ஆர்எஸ்டி செயலியில் அதை முதலில் முடக்க வேண்டும். நிஜமாகவே இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து ரெய்டு போட்டிருந்தால் இந்த வழியே வேண்டாம், டேட்டா போய்விடும்.

மெய்நிகர்:
லேப் வேலைக்கு மட்டும்தான் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதுமே? டிஸ்க்கைப் பிரிக்கும் பார்டிஷன் பக்கமே போக வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
தங்கை முழு உபுண்டு டெஸ்க்டாப்தான் வேண்டும் என்கிறாள் சார். ஆப்டேன் இல்லை, டிஸ்க் ஒன்றுதான். சொன்ன வரிசையில் செய்தேன், விண்டோஸ் வந்துவிட்டது, பென்டிரைவில் எஸ்எஸ்டியும் தெரிகிறது! ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யைச் சுருக்கப் போனால், 300 ஜிபி காலி இருந்தும் 38 ஜிபிதான் தருவேன் என்கிறது.

சிவப்புத்தொப்பி:
நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து சுருக்கிப் பாருங்கள். முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்பப் போட்டுவிடுங்கள். ஹைபர்னேஷன் நின்றபடியே இருக்கட்டும், அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக ஷட்டவுன் ஆகாமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும், உபுண்டுவிலிருந்து சி டிரைவில் எழுதவும் முடியாது.

காலி இடத்தை விண்டோஸில் ஃபார்மட் செய்யாமல் அப்படியே விடுங்கள். உபுண்டுவில் கைமுறைப் பிரிப்பைத் தேர்ந்து, அந்த இடத்தில் ஃபார்மட் இஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் முறை), மவுன்ட் பாயின்ட் ரூட் ( / ). ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்டிஷன் (பூட் ஆக வேண்டிய ஃபைல்கள் இருக்கும் இடம்) 100 எம்பி அளவில் சின்னதாகத் தெரியும். வேண்டாத பார்டிஷன் என்று அழித்துவிடாதீர்கள், இரண்டும் அதில்தான் பூட் ஆகும்.

கணக்குப்பிள்ளை:
120 ஜிபி கிடைத்தது, உபுண்டு போட்டாயிற்று. எதில் பூட் ஆக என்று கேட்கும் க்ரப் மெனுவில் இரண்டும் வருகின்றன. ரொம்ப நன்றி சார். ஒன்றே ஒன்று: உபுண்டு பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் நேரம் ஐந்தரை மணி பின்னால் நிற்கிறது. பில் போடும்போது இடிக்குமே?

பென்டிரைவ் தம்பி:
உபுண்டு மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கும் ப்ரோ. உபுண்டு டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி மதிப்பை 1 ஆக்குங்க. அப்புறம் விண்டோஸில் நேர செட்டிங்ஸில் ஒருமுறை 'சிங்க் நவ்' கொடுங்க. இனி உபுண்டுவில் நேர நிலையைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை காட்டும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளுற நாட்டுக்காரங்களுக்குத்தான் அந்தச் சிக்கல், நமக்கு இல்லை.