மறு: ‘சைட்டேஷன்’ மேற்கோளா, எடுத்தாட்சியா?

> அண்ணாச்சி, ஆசிரியர் கல்வித் துறைப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வு வெளியீடுகளையும், அவற்றைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை சைட் செய்திருக்கிறார்கள், அதாவது பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் பற்றித் தமிழிலேயே ஆய்வேடு எழுதுகிறேன். ‘மேற்கோள் தாக்கம்’ என்று தலைப்பு வைத்தேன். “யாரையோ அடித்த மாதிரி இருக்கிறதே” என்று நெறியாளர் சிரித்துவிட்டார். வேறு சொல் தருவீர்களா?

தங்கச்சி, நெறியாளர் சிரித்தது பாதி சரி. தாக்கத்துக்குப் பிறகு வருகிறேன். முதல் வில்லங்கம் மேற்கோளில்தான் இருக்கிறது.

மேற்கோள் என்றால் என்ன என்று இங்கே பாளையங்கோட்டையில் எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும், இரண்டு விரலைத் தூக்கிக் காற்றில் குறி போட்டுக் காட்டும். பிறர் சொன்னதை அப்படியே எடுத்துப்போடுவதுதான் அதற்கு மேற்கோள். சைட்டேஷனுக்கோ ஒரு வரிகூட எடுத்துப்போட வேண்டியதில்லை. ‘ஷுல்மன், 1986’ என்று எழுதினால் போதும், அவர் கணக்கில் ஒன்று ஏறிவிடும். ஒரு பாடத்தை அறிந்திருப்பது வேறு, அதைப் பிறருக்குப் புரியவைக்கும் வழியை அறிந்திருப்பது வேறு என்று கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் அந்த ஆண்டுக் கட்டுரையில் பிரித்துக் காட்டினார். ஆசிரியர் கல்வியில் ஆய்வேடு எழுதுபவர்கள் திரும்பத் திரும்ப அங்கேதான் போய் நிற்கிறார்கள். அத்தனை பேரும் அவருடைய வாக்கியத்தை எடுத்துத் தருவதில்லை. எண்ணிக்கையில் மட்டும் எல்லாரும் உண்டு. ‘மேற்கோள் எண்ணிக்கை’ என்று எழுதினால் படிப்பவர் வேறு எதையோ எண்ணத் தொடங்கிவிடுவார்.

நான் சொல்வது ‘எடுத்தாட்சி’. சொல்லாட்சி என்று வழங்குகிறோம் அல்லவா, அந்த ஆட்சிதான் இதுவும். பிறர் கருத்தை எடுத்துத் தன் எழுத்தில் ஆள்வது. உடன்பட்டும் ஆளலாம், மறுத்தும் ஆளலாம். நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) ‘உடன்படல்’, ‘மறுத்தல்’ இரண்டும் முதலிலேயே நிற்கின்றன. ‘பிறர்நூல் குற்றம் காட்டல்’ தனியாக வருகிறது. இன்றைய எடுத்தாட்சிக் கணக்கு இந்த ஏழையும் ஒரே மூட்டையில் கட்டி எடை போடுகிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்தை ஏற்பவரும் எடுத்தாள்கிறார், கண்டிப்பவரும் எடுத்தாள்கிறார். தராசில் இரண்டுக்கும் ஒரே எடைதான். இதை ஆய்வேட்டில் ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

(அந்த நன்னூலுக்கே நம் சீமையில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. திருநெல்வேலி சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை எழுதினார். விக்கிரமசிங்கபுரத்துச் சிவஞான முனிவர் அதைத் திருத்தினார். இன்று ஒருவர் அந்த உரையை எடுத்தாண்டால் யார் கணக்கில் ஏற்றுவது? கூட்டு ஆசிரியர் தகராறு இன்று நேற்று வந்ததில்லை.)

இனித் தாக்கம். தாக்கம் என்றால் அடி, தாக்கல் என்றால் மனு. இரண்டும் வேண்டாம். ‘எடுத்தாட்சி வீச்சு’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எச்-சுட்டெண்ணுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு எத்தனை கட்டுரைகள், அவை எவ்வளவு எடுத்தாளப்பட்டன என்ற இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணில் காட்ட, இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் கொண்டுவந்த அளவு (h-index) அது. தாமிரபரணிக் கரையில் உள்ள குறுக்குத்துறைப் படித்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஏழு கட்டுரைகள்; எடுத்தாட்சிகள் 40, 22, 9, 6, 5, 3, 0 என்று வைத்துக்கொள்வோம். அதிகம் பெற்றதை மேல்படியில் வைத்து வரிசையாக இறங்குங்கள். இறங்க இறங்கப் படியின் எண் கூடும், எடுத்தாட்சி குறையும். ஐந்தாம் படியில் ஐந்து இருக்கிறது, கால் நிற்கும். ஆறாம் படியில் மூன்றுதான், வழுக்கிவிடும். ஆகவே அவர் எண் 5. முதல் கட்டுரை 40 பெற்றாலும் 400 பெற்றாலும் இது அசையாது. ‘படியெண்’ என்பது என் ஆசை.

தென்காசி உறுப்பினர் எழுதியது:

அண்ணாச்சி, இரண்டு தடை. பெயர் சொல்லாமலும் எடுத்தாளலாமே? நம் ஆய்வேடுகளில் பாதி அப்படித்தான் நடக்கிறது. ‘சுட்டுகை’ என்றால் பெயரைச் சுட்டியதும் அதிலேயே வந்துவிடும். அடுத்து, அடி வேண்டாம் என்று தாக்கத்தைத் தள்ளிவிட்டு வீச்சைக் கொண்டுவருகிறீர்கள். திருநெல்வேலிக்காரர் வீச்சு என்று எழுதினால் வெளியூர்க்காரனுக்கு அரிவாள்தானே கண்ணில் தெரியும்?

பாளையங்கோட்டை மறுமொழி:

அரிவாளுக்கு நான் தோற்றேன். வீச்சைத் திரும்பப் பெறுகிறேன்.

சுட்டுகைக்கு ஒப்ப மாட்டேன். அவ்வையிடம் முருகன் கேட்டது போல ‘சுட்ட கட்டுரையா, சுடாத கட்டுரையா’ என்று வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? சுட்டெண், சுட்டெழுத்து என்று ஏற்கெனவே இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். பெயர் சொல்லாமல் எடுப்பது களவு. அதற்குத் தனிச்சொல் இருக்கும்போது எடுத்தாட்சிக்கு ஏன் பழி? முதல் இயலில் ‘பெயர் சுட்டி எடுத்தாளுதலே இங்கு எடுத்தாட்சி’ என்று வரையறுத்துவிட்டால் தீர்ந்தது.

வீச்சுக்குப் பதிலாக நேற்றிரவு ஒன்று தோன்றியது. செல்வாக்கு. செல்லும் வாக்கு. ஒருவர் வாக்கு எத்தனை பேர் எழுத்துக்குள் சென்றிருக்கிறது என்பதைத்தானே எண்ணுகிறோம்? மறுப்பவர் எழுத்துக்குள்ளும் அது சென்றுதான் இருக்கிறது. புதிதாக ஆக்கவே வேண்டாம், கையிலேயே இருந்திருக்கிறது. ‘எடுத்தாட்சிச் செல்வாக்கு’. ச் நடுவில் கொஞ்சம் இடறும், பழகிவிடும்.

> அண்ணாச்சி, தலைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நெறியாளர் ‘எடுத்தாட்சிச் செல்வாக்கு’ என்று இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். படியெண்ணைச் சுற்றி மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘எந்தப் படி?’ என்று எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை போகும்போது குறுக்குத்துறையைப் படமாக வரைந்து எடுத்துக்கொண்டு போகிறேன்.