சங்கர்ஸ் வீக்லி, 1975: கடைசி இதழ்கள் யாரிடமாவது உள்ளனவா?

கார்ட்டூனிஸ்ட் சங்கர் டெல்லியில் 1948-இல் தொடங்கிய 'சங்கர்ஸ் வீக்லி' என்ற கார்ட்டூன் வார இதழைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி வருகிறேன். முடிவுப் பகுதியில் நின்றுபோயிருக்கிறேன். 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 31-ஆம் தேதியிட்ட இதழோடு பத்திரிகை நின்றது. இடைப்பட்ட இரண்டு மாத இதழ்கள்தான் எனக்குக் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பைண்டு செய்த தொகுதி இருக்கிறது. அது ஜூன் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு தைத்த நூலில் கிழிந்த காகித ஓரங்கள் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய புத்தகக் கடைகளில் தேடினேன், இணைய ஆவணங்களையும் அலசினேன். ஐம்பதுகளின் இதழ்களே கிடைக்கின்றன.

சர்வாதிகாரத்தால் சிரிப்பைத் தாங்க முடியாது என்ற பொருளில் அமைந்த விடைபெறும் தலையங்கத்தின் சில வரிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். முழுப் பக்கத்தை யாரும் காட்டுவதில்லை. தணிக்கைக் காலத்தில் அந்த வாரங்களில் எந்தக் கார்ட்டூன் வந்தது, எது வரவில்லை என்பதை இதழைப் பார்க்காமல் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நேருவே வெளியிட்டுத் தொடங்கிவைத்த பத்திரிகை, அவர் மகளின் ஆட்சியில் நின்றுபோன கதை இது. ஊகத்தால் நிரப்பக் கூடாது.

1975 ஜூலை, ஆகஸ்ட் இதழ்களை, ஒளிப்படமாகவேனும், எங்கே பார்க்கலாம்?