பஸ்ஸில் ஹார்ட்னர் கொடுத்துவிடலாமா?

கேள்வி (முல்லைத்தீவு): எங்கள் ஃபைபர் படகின் அணியத்தில் (முன்பகுதியில்) வெடிப்பு விழுந்துவிட்டது. ஒட்டுப்போடுகிற ரெசின் (பிசின்) இருக்கிறது, அதை இறுகவைக்கிற ஹார்ட்னர்தான் இல்லை. வவுனியாவில் மச்சான் அரை லீற்றர் வாங்கி கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன் என்கிறான். சின்னப் போத்தல்தானே, பரவாயில்லையா?

பதில்: வேண்டாம் தம்பி. அது மீதைல் எத்தில் கீற்றோன் பெரொக்சைட்டு. ஆபத்தான சாமான்களை ஏற்றியனுப்புவதற்கான ஐ.நா. விதிகளில் இது 5.2 ஆம் வகுப்பு (சேதனப் பெரொக்சைட்டுகள்), வழக்கமான ஹார்ட்னருக்கு ஐ.நா. எண் 3105. சின்னச் சின்னப் போத்தல்களாக அனுப்பினால் விதிகளைத் தளர்த்தும் ‘மட்டுப்படுத்திய அளவு’ சலுகையில்கூட உள்ளே வைக்கும் ஒவ்வொரு போத்தலும் 125 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. ரெசினுக்கு 5 லீற்றர் வரை விடுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? ரெசின் எரியும், அவ்வளவுதான். ஹார்ட்னர் எரியத் தேவையான ஒட்சிசனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. சூடேறிச் சிதையத் தொடங்கினால், அந்தச் சூடே அதை மேலும் சிதைக்கும். மாங்குளம் வெயிலில் பஸ் எஞ்சினுக்குப் பக்கத்தில் அதை வைத்தால்? யோசியும்.

கேள்வி கேட்டவர்: அப்போ 100 மில்லி போத்தல்களாக அனுப்பினால் சரியா அண்ணை?

பதில்: அளவு சரி. ஆனால் உறுதியான வெளிப்பெட்டியும், மேலும் கீழும் கறுப்பாக, நடுவில் வெள்ளையாக உள்ள சாய்சதுர அடையாளமும் வேண்டும். சனம் ஏறும் பஸ்ஸில் நானென்றால் அப்பவும் அனுப்பமாட்டேன். படகுச் சாமான் கடைக்காரரின் லொறியில் சொல்லிவிடும்.

இன்னொருவர்: கொபோல்ட்டையும் (ரெசின் கெதியாக இறுகச் சேர்க்கிற திரவம்) ஹார்ட்னர் இருக்கிற அதே பெட்டியில் வைக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கோ. இரண்டும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்.